காலைப் பார்த்தீங்களா?

அடையாறு முகத்துவாரத்தில், மார்கழி விடியலில், நீங்களும் இவரிடம் மாட்டியிருப்பீர்கள். காக்கித் தொப்பி, முக்காலி மேல் டெலஸ்கோப், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த கோட்டு. தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் கொத்திக்கொண்டே ஓடும் அந்தச் சின்னப் பறவைகளைப் பார்த்து, "ஆஹா, உள்ளான்!" என்று வாய்விட்டீர்களோ, போச்சு.

"எந்த உள்ளான்?"

தெரியாது என்றால் விடமாட்டார். கொசு உள்ளான் என்று சொல்லிவிட்டால் அதைவிட மோசம். "காலைப் பார்த்தீங்களா, தம்பி?" கால் கறுப்பென்றால் கொசு உள்ளானாம், மஞ்சளென்றால் டெம்மிங்க் உள்ளானாம். பறவையோ முழங்கால் சேற்றில் நிற்கிறது. வெளியே எடுத்தாலும் கறுப்புதான். அடையாற்றுச் சேறு அப்படி. காத்திருக்கிறோம். ஒருவழியாக ஒரு காலைத் தூக்குகிறது. தூக்கி, வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு, மறு காலில் நின்றபடி தூங்கிவிடுகிறது. "எழுந்து கழுவட்டும், இருங்க" என்கிறார். வெயில் ஏறுகிறது. என் ஃபிளாஸ்க் காபி ஆறுகிறது. அந்தப் பக்கம் ஒரு கூட்டமே துணியை உதறினாற்போல் எழும்பி, வெள்ளையாய் மின்னித் திரும்பி, மறுபடி மண்ணோடு மண்ணாகிறது. தலையைத் திருப்பினேன். "அங்கே என்ன பார்வை? காலைப் பாருங்க!"

2023-ல் சிறு மணல் உப்புக்கொத்தி என்ற இன்னொரு கரைப்பறவையை சைபீரிய உப்புக்கொத்தி, திபெத்திய உப்புக்கொத்தி என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். பாகப்பிரிவினை என்றால் எந்த வீட்டிலும் அழுகைதான். இவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். கேட்பதற்கு இன்னொரு கேள்வி கிடைத்துவிட்டதே!

நோட்டில் எண்ணிக்கை எழுதுவது, பறவை மிரளுமென்று சிவப்புச் சட்டைக்காரர்களை முறைப்பது எல்லாம் இவருக்குச் சில்லறை.

ஆனால் ஒன்று. போன வாரம் ஒரு நாய் கூட்டத்துக்குள் பாய்ந்தது. மனுஷன் டெலஸ்கோப்பை என் கையில் திணித்துவிட்டுச் சேற்றில் இறங்கி ஓடினார். "25 கிராம்டா அது! ஆர்க்டிக்கிலேருந்து பறந்து வந்திருக்கு. ரெண்டு நிமிஷம் நிம்மதியாச் சாப்பிட விடேன்!" நாய்க்குப் புரிந்துவிட்டது, போய்விட்டது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தவரின் காலைப் பார்த்தேன். முழங்கால்வரை கறுப்பு. சந்தேகமே இல்லை, கொசு உள்ளான்தான்.

நானும் அம்பத்தூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன், சார். ரெண்டு நிமிஷம் நிம்மதியாகப் பார்க்க விடுங்களேன்.