ஆவி வராவிட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: மின்சாரம் எடுக்கப் பூமிக்கடியில் ஆவி இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கவே கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளுக்கு மானியம் தருகிறார்களாமே! இருப்பது உறுதியான பிறகு கொடுத்தால் போதாதா?

பதில்: உறுதியான பிறகு கொடுக்கத்தான் வங்கிகள் இருக்கின்றனவே! தொல்லையெல்லாம் அதற்கு முன்னால். இரண்டு கிலோமீட்டர், சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் துளைக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே பல கோடி ரூபாய். கீழே சூடு இருக்கும், தண்ணீர் இருக்காது. இரண்டும் இருந்தாலும் பாறையில் வெடிப்பு இல்லையென்றால் ஆவி மேலே வராது. இந்தக் கட்டத்தில் கடன் கேட்டுப் போனால் மேனேஜர் காபிகூடத் தரமாட்டார். கென்யாவின் ஓல்காரியாவில் 1950களில் போட்ட முதல் இரண்டு கிணறுகளும் கையை விரித்துவிட்டன. அதே ஓல்காரியாவில் 1981இல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் புவிவெப்பம்தான்!

ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையமும் ஜெர்மனியும் ஐரோப்பிய ஒன்றியப் பணத்தையும் சேர்த்து 2012இல் தொடங்கிய நிதிதான் இந்த மானியத்தைக் கொடுக்கிறது; தரைமேல் ஆய்வுச் செலவில் 80 சதவீதம் வரை தருகிறது. ஆய்வுக் கிணறு தோண்ட 40 வரைதான். மீதி அவரவர் மடியிலிருந்து. முழுப் பணத்தையும் கொடுத்துப் பாருங்கள், கண்ட இடத்தில் தோண்டிவிட்டு 'மண் ராசியில்லை' என்பார்கள்!