செலவியல்: விருந்தினரோடு கடலோரம் போதலின் இலக்கணம்

பழந்தமிழில் செலவு என்றால் பயணம். இன்று அதற்கு என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொல் இப்படித் தடம் மாறியது எங்கே, எப்போது என்று அகராதிக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கட்டும். எனக்கு இடம் தெரியும். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரரைக் காரில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை காலை புறப்பட்ட ஒருவன், ஞாயிறு இரவு வீட்டு வாசலில் நின்று சட்டைப்பையைத் துழாவினான். அந்தக் கணத்தில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிட்டன. அவன் வழிவந்தவன் செய்தது இந்நூல்.

நூல் என்றால் பாயிரம் வேண்டும். சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்தி வேண்டும் என்கிறது நன்னூல். ஆக்கியோன், கார் ஓட்டியவன். எல்லை, வடக்கே தூத்துக்குடி, தெற்கே குமரி முனை, கிழக்கே கடல், மேற்கே எப்போது விசாரித்தாலும் ‘இன்னும் 2 கிலோமீட்டர்’ தள்ளி இருக்கும் கழிப்பறை. வழி என்றால் எந்த முதல்நூலின் வழி வந்தது என்று சொல்ல வேண்டுமாம். இந்நூல் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வந்தது. ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கேட்போர், என் மனைவி. அவளுக்கு வேறு போக்கில்லை. பயன் இனிமேல்தான் தெரிய வேண்டும். மற்றவற்றை வந்துழிக் காண்க.

நூலுக்குக் காரணமானவர் என் பெரியப்பா. ரயில்வே வேலைக்காக இளவயதில் நாக்பூர் போனவர் அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே வீடும் கட்டிவிட்டார். இந்தியாவின் நடுப்புள்ளி இதுதான் என்று அவ்வூர்க்காரர்கள் காட்டும் ஒரு கல் நாக்பூரில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பி நடந்தாலும் கடல் வெகுதூரம். பெரியம்மாவுக்கு மூட்டுவலி, பெரியப்பா மட்டும் தனியாக வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே, “கடலைப் பார்த்து எத்தன வருசமாச்சு” என்று ஒரு வார்த்தை விட்டார்.

புறப்பட்ட தலைவன் தலைவியின் முகம் வாடுவதைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் செலவழுங்குதல் என்பார்கள். வண்டியை சர்வீஸுக்கு விட வேண்டும் என்று சொல்லி நானும் அழுங்கிப் பார்த்தேன். இந்தத் துறைக்குத் தலைவியின் ஒத்துழைப்பு அவசியம். என் மனைவி, “போன வாரம்தானே விட்டீங்க?” என்றாள்.

இனி விருந்தினர் வகை. கடலோரம் அழைத்துச் செல்லப்படும் விருந்தினர் நால்வர். அளவையார், மைல்கல்லையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்து நம் வேகத்தை அவ்வப்போது நமக்கே அறிவிப்பவர். விலையார், வழியில் கிடக்கும் சங்கு முதல் நங்கூரம் வரை விலை கேட்டு எதையும் வாங்காதவர். துயிலாரைப் பற்றி எழுத அதிகமில்லை, வண்டி நகர்ந்ததும் தூங்கி, ஊர் வந்ததும் “வந்துட்டோமா?” என்பார்கள். உத்தமர்கள். நான்காமவர்தான் இந்நூலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் ஒப்பீட்டார். அவருக்கு யாத்த சூத்திரம் வருமாறு:

காண்பன எல்லாம் நாக்பூர் தன்னொடு
வைத்துக் காண்பர் ஒப்பீட் டாரே.

இதன் உரை: ‘காண்பன’ என்றதனால் உண்பனவும் கொள்ளப்படும். ‘எல்லாம்’ என்ற மிகையால் என் மனைவி வைத்த சாம்பாரும் அடங்கும். ‘நாக்பூர்’ ஆகுபெயர், அவர் வீட்டைச் சுற்றியுள்ள நாலு தெருவுக்கு ஆகி வந்தது. ஈற்று ஏகாரம் தேற்றம். சிலர் அதை இரங்கற்குறிப்பு என்பார்கள். அதுவும் பொருந்தும்.

நிலமும் பொழுதும் முதற்பொருள். நெய்தலுக்கு நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும். இதில் ‘சார்ந்த’ என்பது பொல்லாத சொல். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் 40 கிலோமீட்டரில் கடல் பக்கத்திலேயே இருக்கும், கண்ணில்தான் படாது. முதலில் உப்பளம் வந்தது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு தூத்துக்குடி என்று நான் ஊர்ப்பெருமை சொல்லத் தொடங்க, பெரியப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். நீளக் கழியில் பலகை பொருத்தி ஒருவர் பாத்தியின் உப்பைக் கரைக்கு வாரிக்கொண்டிருந்தார்; ஒவ்வோர் இழுப்புக்கும் கண்ணாடியை நொறுக்குவது போல் ஒரு சத்தம். பெரியப்பா கல் உப்பில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். “நாக்பூர்ல உப்பு பாக்கெட்ல வரும்” என்றார்.

பிறகு பழையகாயல். மார்க்கோ போலோ எழுதிய காயல் இந்தப் பக்கம்தான் என்பார்கள். அதற்கு மேற்கே கொற்கை. பாண்டியரின் துறைமுகமாக இருந்தது, இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. கடல் விலகிப் போய்விட்டது என்று நான் சொன்னதும், “நாம வாரோம்னு தெரிஞ்சிருக்கும்” என்றார். வழியில் அவர் சொன்னதில் ஒப்பீடு கலவாத முதல் வாக்கியம் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். முக்காணியில் தாமிரபரணியைத் தாண்டினால் வாழைத்தோட்டம், ஆத்தூர் வந்தால் வெற்றிலைக் கொடிக்கால். நெய்தலுக்கென்று புறப்பட்டவன் மருதத்தில் நிற்பதைத் திணைமயக்கம் என்று இலக்கணம் மன்னிக்கும். பெரியப்பா மன்னிக்கவில்லை. “என்னடே, கடலுக்குன்னு சொல்லி வயக்காட்டக் காட்டுத?” போதாக்குறைக்குத் திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காட்டைக் காட்டலாம் என்று உள்ளே திருப்பினேன், சிவப்பு மணல் மேடு மேடாக, பனையும் உடைமரமுமாக, அசல் பாலை. ஒரே நாளில் மூன்று திணை. சங்கப் புலவர்களுக்குக் கிடைக்காத வசதி. ஆனால் அவர்கள் யாரும் ஏசி போட்டு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் பெரியப்பாவோடு போகவில்லை.

நெய்தலுக்குப் பொழுது எற்பாடு. அது சூரியன் சாயும் வேளையா, எழும் வேளையா என்று உரைகாரர்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. அது கன்னியாகுமரியில் தீரும், பொறுத்திருக்கவும்.

கருப்பொருளில் தெய்வம் முதலில் வரும். நெய்தலுக்கு வருணன் என்று எழுதியிருக்கிறது. இந்தக் கரையில் வருணனைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. தூத்துக்குடியில் பனிமய மாதா, செந்தூரில் முருகன், குலசையில் முத்தாரம்மன், உவரியில் அந்தோணியாரும் சுயம்புலிங்கமும். பெரியப்பா எல்லா வாசலிலும் செருப்பைக் கழற்றினார், எல்லா உண்டியலிலும் பத்து ரூபாய் நாணயம் போட்டார். உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலைப் பார்த்தவர் ஒப்பிட ஒன்றும் கிடைக்காமல், “இது ஓடுமா?” என்று கேட்டார். பறை என்ற கருப்பொருளுக்கு ரிவர்ஸ் கியர் போட்டால் கத்தும் பீப் ஒலி. யாழ், காரில் யாருடைய ஃபோன் புளூடூத்தில் ஏறுகிறதோ அதைப் பொறுத்தது. 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை என் மகனுக்கும் தாத்தாவுக்கும் போர் நடந்தது.

உணவு மட்டும் விரித்துச் சொல்லத் தக்கது. பழைய நெய்தலுக்கு மீனும் உப்பும் விற்றுப் பெற்றதே உணவு. நாங்கள் விற்கவில்லை, வாங்கிக்கொண்டே போனோம். தூத்துக்குடி மக்ரூனை நான் முந்தின இரவே வாங்கி வைத்திருந்தேன். முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் சரக்கு. குருவிக்கூடு மாதிரி கூம்பாகப் பிழிந்து வேக வைப்பார்கள். எடையே இல்லாமல் இருக்கும், வாயில் போட்டால் முதலில் நொறுங்கி அப்புறம் பல்லில் ஒட்டும். பெரியப்பா முதல் மக்ரூனைத் தின்றுவிட்டு, “ஆரஞ்சு பர்ஃபி மாதிரி வராது” என்று தீர்ப்பு எழுதினார். இரண்டாவதற்கும் அதே தீர்ப்பு. உவரி தாண்டும்போது, மேல்முறையீட்டுக்குக் கூட ஒன்று மிச்சமில்லை. அரைக் கிலோ டப்பா காலி. உடன்குடியில் கருப்பட்டி ஐந்து கிலோ. உடைத்த துண்டை மோந்து பார்த்து, நாக்பூர் வெல்லத்தோடு அரை மணி நேரம் ஒப்பிட்டு, கடைசியில் கடைக்காரரே, “ஐயா, வெல்லம் கரும்புல வருது, இது பனையில வருது. அண்ணன் தம்பிகூட இல்ல” என்று உறவுமுறையைத் தீர்த்துவைத்தார். பனையேறிகள் குறைந்துபோன காலத்தில் கலப்பில்லாத கருப்பட்டி கிடைப்பதே அரிது என்பதைத் தனி நூலாக எழுத வேண்டும். இங்கே விரிப்பின் பெருகும்.

குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடும் ராக்கெட் இலங்கை மேல் போகாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இங்கிருந்து விட்டால் நேரே கடல்தான் என்று மகன் விளக்கினான். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “வளைவு இருந்தா எரிபொருள் தின்னும். லைன் போடும்போதே நேரா போடணும்” என்று ரயில்வேக்காரராக ஒப்புதல் கொடுத்தார். மகனுக்குத் தாத்தா மேல் மதிப்பு உயர்ந்தது. அதுவும் அடுத்த பாட்டு வரைக்கும்தான்.

மணப்பாடு பற்றி ஒரு சிக்கல் உண்டு. அங்கே சூத்திரம் தடுமாறியது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அந்த மணல்குன்றின் கடற்பக்கத்தில் இருக்கிறது. மேலே திருச்சிலுவைக் கோயில். குகையைப் பார்த்துவிட்டுக் குன்றின் விளிம்புக்கு வந்தால் மூன்று பக்கமும் கடல். பெரியப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஒப்பீட்டுக்குக் காத்திருந்தேன்; ஆய்வாளனுக்கு மாதிரி முக்கியம். ஐந்து நிமிடம் ஆயிற்று. காற்றில் வேட்டி படபடத்தது. இறுதியில், “எங்க புடாலா ஏரியும் பெருசுதான்” என்று தொடங்கினார். நல்லது, சூத்திரம் பிழைத்தது என்று நினைத்தேன். “ஆனா அதுல அந்தக் கரை தெரியும்” என்றார். பிறகு, “அன்னா, ஒரு படகு” என்று கையை நீட்டினார். ‘அன்னா’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஆச்சிக்குப் பிறகு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் ஊரை விட்டுப் போன வருஷத்துத் தமிழ், நாக்பூரில் ஊறுகாய்ப் பரணியில் இருப்பது போல் கெடாமல் இருந்திருக்கிறது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல் காரை எடுத்தேன்.

கன்னியாகுமரிக்கு இரவு எட்டு மணிக்குச் சேர்ந்தோம். சூரியோதயம் பார்க்க நாலு மணிக்கே எழுப்பிவிட்டார். ஆறு மணி வரை மொட்டை மாடியில் கொட்டாவி. கிழக்கே மேகம் திரைச்சீலை மாதிரி தொங்கியது. சூரியன் எப்போது எழுந்தது என்று அதற்கே தெரியாது. “நாக்பூர்ல நேரத்துக்கு உதிக்கும்” என்றார் பெரியப்பா. சாயங்காலம் அதே மேகம் மேற்கே போய் உட்கார்ந்துகொண்டது. எற்பாடு என்பது எழும் வேளையோ விழும் வேளையோ, இரண்டிலும் ஒன்றும் தெரியாது என்பதே இந்நூலாசிரியர் துணிபு.

நடுவே படகுக்கு வரிசை. விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலத்தில் மகன் குதித்தான். பெரியப்பா கண்ணாடியைத் தவிர்த்து ஓரமாகக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தார், கண்ணை மேலேயே வைத்துக்கொண்டு. 133 அதிகாரத்துக்கு 133 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்குப் பீடம் 38 அடி என்று நான் கணக்குச் சொன்னபோது, “பீடத்துக்கு மேல 95. சரியாத்தான் இருக்கு” என்று கூட்டிக் கழித்துப் பார்த்தார். அளவையாரின் குணம் ஒப்பீட்டாரிடம் தலைகாட்டியது இங்கேதான். கரைக்கு வந்ததும் பல நிற மணல் பொட்டலம் விற்பவரிடம் முப்பது நிமிடம் விலை பேசினார், விலையாரின் குணம். ஆனால் வாங்கிவிட்டார். திரும்பும் வழியில் கூடங்குளம் தாண்டுமுன் தூங்கிப்போனார். ஆக நால்வகையும் ஒருவரே. வகைப்பாட்டைத் தலைமுழுகிவிடலாமா என்று யோசித்தேன். அப்போது பின் இருக்கையில் தூக்கத்திலேயே, “சிவப்பு மண்ணு தேரி மாதிரி இல்ல” என்று முனகினார். ஒப்பீட்டார் என்ற வகை காப்பாற்றப்பட்டது. ஒப்பீட்டில் நாக்பூர் வரவில்லையே என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். அந்த நிலத்துத் தலைவனுக்குச் சேர்ப்பன், துறைவன், கொண்கன் என்று பல பெயர். அவற்றுள் ஒன்று புலம்பன். புலம்பு என்றால் பழைய தமிழில் தனிமை. இப்போது என்ன பொருள் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்; ஞாயிறு இரவு பெட்ரோல் கணக்கும் லாட்ஜ் கணக்கும் எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் இருந்தவள் அவள்தான். “பெரியப்பா ஒரு தடவையாவது நல்லாருக்குன்னு சொன்னாங்களா?” என்று நான் கேட்டேன். “சாம்பார் நல்லாருக்குன்னு சொன்னாங்க” என்றாள். எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது.

புதன்கிழமை திருநெல்வேலியில் டெல்லி வண்டியில் ஏற்றிவிட்டேன். பெட்டியோடு கருப்பட்டி, மணல் பொட்டலம், கைக்குட்டையில் முடிந்த உப்புக்கல். “பெரியம்மாட்ட காட்டணும்” என்றார்.

இங்கே புறனடை எழுதி நூலை முடித்துவிட்டேன். அதன்பின் பத்து நாள் கழித்துப் பெரியம்மாவிடமிருந்து ஃபோன். “ஏய்யா, உங்க பெரியப்பாவுக்கு அங்க என்னத்தக் குடுத்து அனுப்புன? பர்ஃபி வாங்கிக் குடுத்தா மக்ரூன் மாதிரி இல்லங்காரு. சாயந்தரம் புடாலா ஏரிக்குக் கூட்டிட்டுப் போனா, ‘இதுல அந்தக் கரை தெரியுதே’ன்னு முகத்தத் திருப்பிக்கிடுதாரு. எதப் பாத்தாலும் எங்க தூத்துக்குடியிலங்காரு. பக்கத்து வீட்டு மராட்டிக்காரங்களெல்லாம் ஓடுதாங்க.”

சூத்திரத்தில் ‘நாக்பூர் தன்னொடு’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘நீங்கிய ஊரொடு’ என்று திருத்தியிருக்கிறேன். தளை தட்டவில்லை.