உத்தரவாத இலாகாவுக்கு ஒரு விஞ்ஞாபனம்

மகா கனம் பொருந்திய உத்தரவாத இலாகாத் தலைவர் அவர்களின் சமுகத்திற்கு,

தங்கள் ஸ்தாபனத்தின் முத்திரை பொறித்த கம்ப்யூட்டர் மின்வழங்கி ஒன்றை, கடைத்தெருவில் எல்லாரும் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் அந்த இரும்புப் பெட்டியை, கேட்ட விலை கொடுத்து வாங்கிப் போற்றி வந்த வாடிக்கையாளன் பணிவுடன் சமர்ப்பிக்கும் விஞ்ஞாபனம். 5 வருஷ உத்தரவாதம் என்று அட்டைப்பெட்டியின் நான்கு புறமும் அச்சிட்டிருக்கும் தங்கள் தாராள மனத்தை முதலில் வாழ்த்திவிட்டு, அதன் பிறகே என் குறையைச் சொல்லத் தொடங்குகிறேன். இந்த வரிசை மாறினால் மனு குப்பைக்கூடைக்குப் போகும் என்பது கம்பெனிக் காலத்திலிருந்தே நம்மவர் அறிந்த விஷயம்.

என் மகன் வீடியோ எடிட் செய்யும்போதெல்லாம், கிராஃபிக்ஸ் கார்டு மும்முரமாக வேலையில் இறங்கும் அந்தக் கணத்தில், இயந்திரம் யாதொரு முன்னறிவிப்புமின்றி அணைந்துவிடுகிறது; கடிதம் எழுதினாலோ கணக்குப் பார்த்தாலோ நாள் முழுவதும் சாதுவாக ஓடுகிறது. சுவர்ப் பிளக்கையும் யு.பி.எஸ்.ஸையும் மாற்றிப் பார்த்தாயிற்று. மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டியாயிற்று. கடைசியில் அண்டை வீட்டாரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவல் வாங்கிப் பொருத்தியதும் சகல உபத்திரவமும் நின்றது. தங்களுடையதைத் திரும்ப மாட்டியதும் மறுபடி தொடங்கியது. இன்னது இருந்தால் நோய், இல்லாவிட்டால் சுகம் என்று பார்த்துக் காரணத்தை நிர்ணயிப்பது தார்க்கிகர்கள் காலங்காலமாகக் கைக்கொண்ட முறை.

ஆனால் தங்கள் சர்வீஸ் சென்டர் தர்க்கத்தை நம்புவதில்லை, பிரத்தியட்சத்தையே நம்புகிறது. அங்கே நடந்த பரீட்சையைக் கவுண்டருக்கு இப்பால் நின்று காணும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. 24 முனைக் கனெக்டரின் பச்சை ஒயரையும் அடுத்திருந்த கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் அந்தத் தம்பி இணைத்தார்; விசிறி சுழன்றது; "நல்லாத்தான் ஓடுது சார்" என்றார். சிறிது நேரத்தில் 'குறை ஏதும் காணப்படவில்லை' என்று அச்சிட்ட சீட்டோடு பெட்டி என் கைக்கு வந்தது.

பச்சை ஒயர் என்பது மதர்போர்டு "விழித்துக்கொள்" என்று கட்டளையிடும் வழி. அதைக் கறுப்போடு சேர்த்தால் கருவி விழித்துக்கொள்ளுகிறதா என்பது தெரியும்; விழித்த பின் வேலை செய்யுமா என்பது தெரியாது. திண்ணையில் சாய்ந்திருப்பவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பொதிகை மலை ஏறத் தகுதியுடையவர் என்று சான்றிதழ் கொடுப்பதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை. ஊதா ஒயரில் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்கவேண்டும், இருந்தது. மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், இதில் 5 சதவீதம் வரை கூடலாம் குறையலாம் என்று விதி, அதாவது 11.4-க்குக் கீழே இறங்கலாகாது. சும்மா இருக்கையில் என் மல்டிமீட்டர் 12.1 காட்டிற்று. கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை கொடுத்த மாத்திரத்தில் 10.9-க்கு இறங்கி, திரை இருண்டது. பளு கொடுத்துப் பார்க்கும் கருவி தங்கள் சர்வீஸ் சென்டரில் இல்லாமற் போனதற்கு, ஜெம் கிளிப்பின் விலை மலிவு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

சாம்பல் நிற ஒயர் ஒன்றும் உண்டு. மின்னழுத்தங்கள் நிலைபெற்று 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் "எல்லாம் க்ஷேமம்" என்று மதர்போர்டுக்குச் சாட்சி சொல்வது அதன் கடமை. கடைசித் தரத்துப் பெட்டிகள் சிலவற்றில் அந்த ஒயரை நேரே 5 வோல்ட்டோடு கட்டிவிடுவார்கள் என்பதும், அப்போது அந்தச் சாட்சி எது நடந்தாலும் க்ஷேமம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும் என்பதும் தொழில் தெரிந்தவர்கள் அறிந்தவை. தங்கள் பெட்டியில் அப்படி என்று நான் குற்றம் சாட்டவில்லை. திறந்து பார்த்தால் அல்லவா தெரியும்! திறந்தால் திருகாணியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழியும். ஸ்டிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் ஒழியும். குறையை வாடிக்கையாளனே நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கும் இடத்தை மட்டும் தொடக்கூடாது என்ற இந்த ஏற்பாட்டை வகுத்தவர் சட்ட நிபுணராகத்தான் இருந்திருக்க வேண்டும். எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறேன்: உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தாங்கி நிற்கக்கூடியது. ஆகவே அந்த ஸ்டிக்கர் தங்கள் கஜானாவோடு சில உயிர்களையும் காப்பாற்றியிருக்கும்.

தங்கள் பெட்டியின் நெற்றியில் '80 பிளஸ் கோல்டு' என்ற பொற்பதக்கம் மின்னுகிறது. 2004-ல் தொடங்கி, 2008-ல் பொன் வெள்ளி வெண்கலம் என்று தரம் பிரித்த அந்தத் திட்டம், உள்ளே போகும் மின்சாரத்தில் எத்தனை பங்கு பயனாக வெளியே வருகிறது என்பதையே முக்கியமாக அளக்கிறது. ஆயுளைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த அளவையும் 23 டிகிரி வெப்பத்தில் எடுக்கிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் சென்னையில் 23 டிகிரி எங்கே கிடைக்கும் என்று தெரிவித்தால் நானே அங்கே குடிபோக ஆயத்தமாக இருக்கிறேன். கெபாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குப் பால பாடம்; 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டருக்குப் பதில் 85 டிகிரி சரக்கைப் போட்டு மிச்சம் பிடித்த சில்லறை, உத்தரவாதக் காலத்தின் கடைக்கோடியில் வட்டியும் முதலுமாகத் திரும்பி வருகிறது.

"எங்கள் பிராண்டை உலகமே நம்புகிறது" என்று தங்கள் விளம்பரம் முழங்குகிறது. கேபினெட்டோடு இலவசமாக வரும் பேர் தெரியாத பெட்டிகளைப் பார்த்தவர்கள் நம்பத்தான் செய்வார்கள்: 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டு, 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், பெருக்கினால் 216. ஆனால் பெரிய பேர்களிலும் பலருக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. கோர்செயர் 2006-ல் இந்தத் துறையில் புகுந்தபோது முதல் மாடல்களைச் செய்து கொடுத்தது தைவானின் சீசானிக். பின்னால் வந்தவற்றில் பல, அதே நாட்டின் சானல் வெல் செய்தவை. மதர்போர்டுகளால் கீர்த்தி பெற்ற கிகாபைட்டின் 750, 850 வாட் மாடல்கள் சோதனைகளில் வெடித்ததாகப் புகார் எழுந்து, 2021-ல் அந்த நிறுவனம் அதிகப் பளுவில் தானே அணையும் எல்லையை 120-150 சதவீதத்திலிருந்து 110-120 ஆகக் குறைத்து, வாங்கியவர்களுக்கு மாற்றித் தரவும் முன்வந்தது. ஆக, நம்பத்தக்க பிராண்டு என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம்பத்தக்க மாடல்கள் இருக்கின்றன, அவற்றைச் செய்த கைகள் இருக்கின்றன. அந்தக் கைகள் யாருடையவை என்பதைத்தான் தாங்கள் அட்டைப்பெட்டியில் அச்சிடுவதில்லை.

எனவே தங்கள் சமுகத்தில் நான் வேண்டுவது இவ்வளவே: அட்டைப்பெட்டியில் உள்ள வானவில் விளக்கின் படத்தைச் சற்றுச் சுருக்கி, அந்த இடத்தில் செய்தவர் யார், எத்தனை டிகிரி வெப்பத்தில் முழு வாட்டும் இடைவிடாமல் கிடைக்கும், உள்ளே எத்தனை டிகிரி கெபாசிட்டர் என்பவற்றை அச்சிடச் செய்யுங்கள், சர்வீஸ் சென்டருக்குப் பளு கொடுக்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள், அதுவரை 'குறை ஏதும் காணப்படவில்லை' என்பதை 'குறை ஏதும் தேடப்படவில்லை' என்று திருத்தி அச்சிட உத்தரவாகட்டும்.

பெட்டியை இன்று மறுபடியும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஸ்டிக்கர் கிழியவில்லை. தங்கள் விதிப்படி அனுப்பும் செலவு என்னைச் சேர்ந்தது. கட்டிவிட்டேன், ரசீது உள்ளே இருக்கிறது.

இங்ஙனம்,
உத்தரவாதக் காலம் இன்னும் முடியாத ஒரு வாடிக்கையாளன்.