தூக்குச்சட்டி யோசனை

வா மருமவனே, உக்காரு. அமெரிக்காவுல இருந்து வந்ததும் வராததுமா, உங்கம்மாவ முதியோர் இல்லத்துல சேக்கலாமான்னு ஊரெல்லாம் யோசனை கேக்கியாமே. அவகிட்ட மட்டும் கேக்கலையாம்.

தெனமும் வீடியோவுல 'சாப்ட்டியாம்மா'ன்னு கேக்கே. அவளும் 'ஆச்சுய்யா'ங்கா. என்ன ஆச்சுன்னு கேட்டியா? ஒரு டம்ளர் கடுங்காப்பி, அதுல முக்குன ரெண்டு ரஸ்க்கு. ஒத்த ஆளுக்குக் குக்கர் ஏத்த அவளுக்கே சங்கடமா இருக்கு. முழங்காலும் நிக்க விடமாட்டேங்குது. நடக்க முடியலையேன்னு நீ கவலப்படுதே. தின்னாத்தானய்யா நடக்க! தெம்பு போச்சுன்னா பாத்ரூம்ல விழுவா, இடுப்பு முறியும். அப்புறம் வீடாவது வாசலாவது.

நீ அங்கன இருந்துக்கிட்டே ஆப்புல பிரியாணி போட்டியே, அந்தக் கூத்து தெரியுமா? வந்த பய நம்பரு கேட்டிருக்கான். 'யாரு கேட்டாலும் நம்பரச் சொல்லக்கூடாதுன்னு பேங்க்குல சொல்லிருக்காவ, போடா திருட்டுப்பயலே'ன்னு கதவச் சாத்திட்டா. பிரியாணி வந்த வழியே போயிட்டு.

அரசாங்கம் பரவாயில்ல. 2025 ஆகஸ்ட்டுல தாயுமானவர் திட்டம்னு ஆரம்பிச்சு, வயசாளிகளுக்கு ரேசன் சாமான வீட்டுக்கே கொண்டாந்து தாரான். அரிசி வாசலுக்கு வந்துட்டு. வாசல்ல இருந்து அடுப்புக்கு?

இதுல ஒன் அமெரிக்காக்காரன் கெட்டிக்காரன். 1954-லயே பிலடெல்பியாவுல வயசாளிக வீட்டுக்குச் சமைச்ச சாப்பாட்டையே கொண்டு போக ஆரம்பிச்சிட்டான். 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்'ங்கான். 1978-ல இதுக்குன்னே சட்டத்துல தனியா இடம் வச்சான். 60 வயசு தாண்டி, வீட்ட விட்டு வெளிய போக முடியாதவங்களுக்கு அரசாங்கத் துட்டும் போவுது. கொண்டு போறவன் கதவத் தட்டி, ஆளு நல்லா இருக்கான்னு ஒரு கண்ணு பாத்துட்டுத்தான் நகருவான். சோத்துல பாதி பெலன் அதுலதான் இருக்கு. டாலர் எண்ணுத அவசரத்துல நீ இதெல்லாம் எங்க பாத்திருக்கப் போறே!

கீழத்தெரு மெஸ்காரிகிட்ட மாசக்கணக்காப் பேசு. சோறு கொழைய வேகணும். உப்பும் காரமும் கம்மி. பருப்போ முட்டையோ தெனம் ஒண்ணு. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அந்த மூடியத் தொறக்க நீயே பல்லக் கடிப்பே, தூக்குச்சட்டி போதும். கேட்டுல மாட்டிட்டு ஓடுத பயலும் வேண்டாம், வாயாடியாப் பாரு. நேத்துச் சட்டி தொடாமக் கெடந்தா எனக்கு ஒரு சத்தம் குடுக்கச் சொல்லு.

உங்கம்மா ஒத்துக்கிட மாட்டா. 'பத்துப் பேருக்கு ஆக்கிப் போட்டவ, மெஸ் சோறு திங்கவா'ம்பா. வாதாடாத. 'துட்டு கட்டியாச்சு, திருப்பித் தரமாட்டாங்களாம்'னு சொல்லிட்டு எந்திரிச்சுரு. துட்டு வீணாப் போறதப் பாத்துக்கிட்டு இருக்குத பொம்பளையா அவ? மொத வாரம் கொழம்புல புளி போதலம்பா. ரெண்டாம் வாரம் மெஸ்காரிக்கே பக்குவம் சொல்லிக் குடுப்பா. காப்பிய மட்டும் அவளே போடட்டும்; அடுப்ப மொத்தமாப் பறிச்சிராத.

இன்னொண்ணு. ஒத்தச் சாப்பாட்டுக்கு அங்கருந்து எவனும் நடக்கமாட்டான், ரெண்டாப் பேசு. ரெண்டாவது யாருக்குன்னு முழிக்காத. பக்கத்து வீட்டுக் கெழவனுக்கும் ஆக்கிப் போட ஆளில்ல. ஞாயித்துக்கிழம கறிக்கொழம்பு உண்டான்னும் கேட்டுக்கோ.