எக்ஸ்-மென்: எந்த ஒன்றாம் இதழ்?

எக்ஸ்-மென் படிக்க ஆசைப்பட்டு காமிக்ஸ் கடைக்குப் போகிறவர் நல்ல பிள்ளையாக "முதல் இதழ் கொடுங்கள்" என்றால், கடைக்காரர் "எந்த முதல் இதழ்?" என்பார். நக்கல் இல்லை. 1963, 1991, 2010, 2013, 2019, 2021, 2024 என்று அந்தப் பெயரில் ஒன்றாம் நம்பர் போட்டு வந்தவை மட்டுமே ஏழு. விற்பனை படுத்துக்கொண்டால் மார்வெல் நிறுவனத்துக்குக் கைவந்த வைத்தியம், நம்பரை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து எண்ணுவதுதான்.

1963-ல் மார்வெலின் கதாசிரியர் ஸ்டான் லீ களைத்திருந்தார். ஒருவனைச் சிலந்தி கடித்தாயிற்று, இன்னொருவன் மேல் காமா கதிர் பட்டாயிற்று, நாலு பேரை விண்வெளிக்கே அனுப்பிக் கதிர்வீச்சில் நனைத்தாயிற்று. இனியும் ஆளுக்கொரு விபத்து யோசிக்க அவரால் ஆகாது. "பிறவியிலேயே சக்தி, மியூட்டன்ட், அவ்வளவுதான்" என்று கதையை முடித்தார். சோம்பலுக்குப் பிறந்த இந்த யோசனையைத்தான் பிற்காலத்தில் ஒடுக்கப்பட்டோரின் உருவகம் என்று அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சி தப்பில்லை. ஆனால் குழந்தை பிறந்த நேரத்தில் தகப்பனுக்கு அப்படியொரு உத்தேசம் இல்லை.

ஜாக் கிர்பி படம் வரைய, மொட்டைத்தலைப் பேராசிரியர் சேவியர் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்செஸ்டரில் பள்ளிக்கூடம் திறந்தார். நாலு பையன்கள், ஒரு பெண். மூன்றாம் இதழிலேயே வாத்தியார் தன் மாணவி ஜீன் கிரே மீது காதல் வந்துவிட்டதாக மனசுக்குள் புலம்புகிறார். பின்னால் வந்த எழுத்தாளர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் பார்க்காத மாதிரியே கடந்து போனார்கள். லீயும் கிர்பியும் இருபதாம் இதழுக்குள் கழன்றுகொண்டார்கள். 1970-ல், 66ஆம் இதழோடு புதுக்கதையும் நின்றது. அதன்பின் 1975 வரை பழைய கதைகளையே மறுபடி அச்சடித்து விற்றார்கள். "ஆதியிலிருந்துதான் படிப்பேன்" என்று சபதம் எடுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு அமெரிக்கப் பையன்களே காசு கொடுத்து வாங்காததை இன்றைக்கு நீங்கள் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

1975-ல் லென் வீனும் டேவ் காக்ரமும் ஒரு தடித்த சிறப்பிதழ் போட்டார்கள். க்ரகோவா என்ற தீவு பழைய மாணவர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தீவில் இல்லை, தீவேதான். அவர்களை மீட்க சேவியர் கென்யாவிலிருந்து ஸ்டார்மையும் சைபீரியாவிலிருந்து கொலாசஸையும் கனடாவிலிருந்து வோல்வரினையும், இன்னும் சிலரையும் திரட்டுகிறார். முப்பது வருஷம் கழித்து இன்னொரு கதாசிரியர் வந்து, இவர்களுக்கு முன்னாலேயே சேவியர் வேறொரு குழுவை அனுப்பிப் பறிகொடுத்தார், பிறகு அந்த நினைவையே எல்லோர் மண்டையிலிருந்தும் துடைத்துவிட்டார் என்று எழுதினார். மாணவிமேல் காதல் கொண்டதே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

சிறப்பிதழுக்குப் பிறகு பேனாவை வாங்கிய கிறிஸ் கிளேர்மான்ட் பதினாறு வருஷம் கீழே வைக்கவில்லை. ஜீன் கிரே ஒரு நட்சத்திரத்தை விழுங்கி, அதைச் சுற்றிய கிரகத்தில் ஐந்நூறு கோடிப் பேரைக் கொன்றாள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர், இவ்வளவு செய்தவளைச் சும்மா வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று மறித்தார். 1980-ல் ஜீன் செத்தாள். வாசகர்கள் நிஜமாகவே அழுதார்கள். அது நியாயமான அழுகை.

அதற்கப்புறம் நடந்ததுதான் அநியாயம். ஜீனின் காதலன் ஸ்காட், அச்சாக ஜீனைப் போலவே இருந்த மேடலினை 1983-ல் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளையும் பெற்றான். 1986-ல் புதுப் பத்திரிகை ஒன்றுக்காக மார்வெலுக்கு ஜீன் தேவைப்பட்டாள். செத்தது ஜீனே இல்லையாம், அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட பிரபஞ்ச சக்தியாம். அசல் ஜீன் நியூயார்க்கில் ஜமைக்கா விரிகுடாவுக்கு அடியில் ஒரு கூட்டுக்குள் இத்தனை நாளும் பத்திரமாக இருந்தாளாம். சேதி தெரிந்ததும் நம் கதாநாயகன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடினான். ஓடியவன் பெயரைக் காப்பாற்ற, மேடலின் ஒரு வில்லன் தயாரித்த நகல் என்றார்கள். அதுவும் போதாமல் அவளைப் பேய்களின் ராணியாக்கிக் கொன்றார்கள். கைக்குழந்தைக்கு ஒரு விபரீத நோய் வரவைத்து எதிர்காலத்துக்கு அனுப்பினார்கள். அவன்தான் நரைத்த தலையும் ராட்சதத் துப்பாக்கியுமாக, அப்பாவைவிட மூத்தவனாகத் திரும்பி வந்த கேபிள். 1994-ல் ஸ்காட்டும் ஜீனும் ஒருவழியாகக் கல்யாணம் செய்து தேனிலவு போனால், இருவர் மனசையும் எதிர்காலத்துக்கு இழுத்துப்போய், மூத்தாள் பிள்ளையைப் பன்னிரண்டு வருஷம் வளர்க்க வைத்தார்கள். எந்த மெகா சீரியலிலும் தேனிலவுக்கு இப்படியொரு கதி வந்ததில்லை.

நடுவில் 1991-ன் ஒன்றாம் இதழ் ஐந்து அட்டைகளில் வந்து எண்பது லட்சத்துக்கு மேல் விற்றது. பலர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்னாளில் பணக்காரர் ஆகக் காத்திருந்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எங்கே விலை ஏறும்? கிளேர்மான்ட் மூன்றாம் இதழோடு விலகிக்கொண்டார்.

2019-ல் ஜோனதன் ஹிக்மேன், அன்று ஆளைப் பிடித்து வைத்த அதே க்ரகோவாவை மியூட்டன்ட்களின் தனி நாடாக்கி, செத்தவர்களை முட்டையிலிருந்து எழுப்பும் ஏற்பாட்டையும் செய்து வைத்தார். இந்தக் கதைகளில் யாரும் செத்தபடியே இருப்பதில்லை என்ற ஊரறிந்த ரகசியத்துக்கு அரசாங்க முத்திரை விழுந்தது.

நீங்கள் 1975 சிறப்பிதழில் தொடங்குங்கள். அங்கிருந்து 1963 வரிசையின் 94ஆம் இதழுக்குத் தாவி, ஓவியர் ஜான் பைர்ன் கிளம்பிப்போகும் 143 வரை படியுங்கள். ஒரே புத்தகம்தான் முடியும் என்றால் 1982-ன் 'காட் லவ்ஸ், மேன் கில்ஸ்' போதும். தொண்ணூறுகளை வேண்டாதவர்களுக்குப் பரிசாகக் கொடுங்கள்.

நடுவில் நுழைந்தால் புரியாதே என்ற பயமும் வேண்டாம். கிளேர்மான்ட் ஒவ்வொரு இதழையும், அன்றைக்குத்தான் கடைக்கு வந்தவருக்காக எழுதினார். கொலாசஸ் ஒருத்தனைக் குத்தக் கை ஓங்கும்போதே, தன் உடம்பு எஃகாக மாறும் விதத்தையும், தனக்கு உள்ள பலத்தையும், சைபீரியாவில் விட்டுவந்த குடும்பத்தையும் விளக்கிச் சொல்வான். குத்து வாங்க வேண்டியவனும் அது முடியும் வரை நகராமல் நின்று கேட்டுக்கொள்வான்.