சபாஷ் சொல்ல ஓர் ஆள்

பிரஷ்ய ராஜா முதலாம் ஃப்ரெடெரிக் வில்லியமுக்குப் பிடித்தவை இரண்டு: புகையிலை, நெட்டையான சிப்பாய். ஐரோப்பா முழுக்க ஆள்விட்டு, மசியாதவர்களைக் கடத்திக்கொண்டுவந்தாவது, நெட்டையர்களுக்கென்றே ஒரு படை வைத்திருந்தார். அவருக்கு 1712இல் பிறந்த பிள்ளையோ உயரம் கம்மி. பிரெஞ்சுப் புத்தகமும் புல்லாங்குழலுமாகத் திரிந்தது. பாட்டு சோறு போடுமா என்று கேட்பது நம்மூர் அப்பாக்கள் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவர் கேட்கக்கூட இல்லை, நேரே பிரம்பை எடுத்துவிட்டார், அதுவும் நாலு பேர் முன்னால்.

1728இல் அப்பாவோடு டிரெஸ்டனுக்குப் போன இடத்தில் பையன் க்வான்ட்ஸ் என்ற குழல் வித்வானைக் கேட்டான். கெட்டது காரியம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பிள்ளைக்குச் செலவழிக்கும் அம்மா பெர்லினிலும் இருந்தார். வித்வானை அவ்வப்போது ரகசியமாக வரவழைத்தார். பாடம் நடக்கும்போது இளவரசர் ராணுவ உடுப்பைக் கழற்றிவிட்டு ஜரிகை அங்கிக்கு மாறிவிடுவார். ஒருநாள் பெரியவர் திடுதிப்பென்று வந்து நிற்க, வித்வானும் குழலும் விறகு அறைக்குள் பதுங்கினார்களாம். க்வான்ட்ஸ் போட்டிருந்தது சிவப்புக் கோட்டு. பெரியவருக்கு அந்த நிறமே ஆகாது. நல்லவேளை, அவர் கண்ணில் பட்டது அங்கிதான். அது நெருப்புக்குப் போனது, வித்வான் தப்பித்தார்.

1730இல் அப்பாவோடு போன இன்னொரு பயணத்தில் மகன் ஓடிப்போகப் பார்த்து அகப்பட்டான். உடந்தையாக இருந்த நண்பன் காட்டேயின் தலையை வெட்டினார்கள். அதைச் சிறை ஜன்னலில் நின்று பார்க்கவைத்தார் தகப்பன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மேலே போவோம்.

1740இல் அப்பா கண்ணை மூடினார். கலாரசிகர் பட்டத்துக்கு வந்துவிட்டார், இனி நிம்மதி என்று நினைத்தவர்கள் டிசம்பர்வரை நினைத்தார்கள். அந்த மாதமே ஆஸ்திரியாவின் சிலேசியாவுக்குள் படை புகுந்தது. மறு வருஷம் க்வான்ட்ஸுக்கு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 2000 தாலர் சம்பளம். மாலைதோறும் அரண்மனையில் கச்சேரி. குழல் ராஜா, ராஜாவுக்காகவே சுமார் 300 கன்சர்ட்டோக்களை எழுதியவர் க்வான்ட்ஸ், கேட்பவர்கள் ராஜாவின் ஆட்கள். வாசித்து முடித்ததும் சபாஷ் சொல்ல உரிமை க்வான்ட்ஸுக்கு மட்டும். அவர் வாயைத் திறக்காவிட்டால் அன்றைக்கு ஸ்வரம் எங்கோ சறுக்கிவிட்டது என்று அர்த்தம். எந்த சபா காரியதரிசிக்கும் வாய்க்காத ஏற்பாடு!

ஹார்ப்சிகார்டில் பக்கவாத்தியமாக உட்கார்ந்தவர் பெரிய பாக்கின் மகன் இமானுவேல். ஆரம்பச் சம்பளம் 300 தாலர். ராஜாவின் தாளத்தைத் துரத்திப் பிடிக்கும் வேலைக்கு இது அநியாயம் என்பது என் கட்சி. 1747 மே மாதம் அவருடைய அப்பா, செபாஸ்டியன் பாக்கே போட்ஸ்டாமுக்கு வந்தார். கோணல்மாணலாக ஒரு பல்லவியைக் கொடுத்து, இதை விரிவுபடுத்துங்கள் என்றார் ராஜா. கிழவர் அந்த இடத்திலேயே மூன்று குரலில் பின்னிக் காட்டினார். ராஜா ஆறு குரலுக்கு ஆசைப்பட்டபோது, வீட்டுக்குப் போய் எழுதி, ‘இசைக் காணிக்கை’ என்று அச்சடித்தே அனுப்பிவைத்தார். அதில் குழலுக்கும் ஒரு சொனாட்டா உண்டு, விரல் நோக.

1755இல் ராஜாவுக்கு ஊர் சுற்ற ஆசை வந்தது. கறுப்பு டோப்பா, பழுப்புக் கோட்டு, முகமெல்லாம் மூக்குப்பொடி. இந்தக் கோலத்தில் ஹாலந்தில் படகேறி, எதிரே உட்கார்ந்திருந்த இளைஞனிடம் போலந்து ராஜாவின் ஆஸ்தான வித்வான் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். அந்தப் போலந்து ராஜாதான் டிரெஸ்டன் இருக்கும் சாக்ஸனியையும் ஆண்டவர். மறு வருஷமே ‘ஆஸ்தான வித்வான்’ தன் படையோடு அங்கே நுழைந்துவிட்டார். 1760இல் அந்த ஊர்மேல் பீரங்கிக் குண்டு மழை பெய்தது. க்வான்ட்ஸை முதன்முதலில் கேட்ட ஊருக்குக் குருதட்சிணை.

இந்த மனிதருக்குள் ஈரம் இருந்த இடம் அக்கா வில்ஹெல்மினே. அவரும் பாட்டு எழுதியவர், பாய்ராய்ட்டில் ஆபரா மாளிகை கட்டியவர். தம்பி வளர்த்த பெண் நாய் பீஷ், அக்கா வளர்த்த ஆண் நாய்க்குக் கடிதம் எழுதியிருக்கிறது. கையெழுத்து மட்டும் தம்பியுடையது. போர்க்களத்துக்கும் குழலைத் தூக்கிக்கொண்டு போனவர், 1758இல் ஹோக்கிர்க்கில் தோற்ற அதே நாளில் அக்காவையும் இழந்தார்.

கடைசியில் முன்பற்கள் விழுந்தன, வாதம் விரலைப் பிடித்தது, குழல் பெட்டிக்குள் போனது. ஆஸ்திரியா சாதிக்காததைப் பல் சாதித்தது.

அவர் எழுதிய குழல் சொனாட்டாக்கள் 121. கேலியை விட்டுச் சொன்னால், விளம்பகாலப் பகுதிகள் நன்றாகவே இருக்கின்றன, துரிதமானவை பரேடு. ஒன்றிரண்டைக் கேட்டுப் பாருங்கள். பாக் அனுப்பிய காணிக்கையை மட்டும் முதலில் கேட்டுவிடாதீர்கள். ராஜா பாவம்.