விருதுநகர் வட்டார வீடுகளுக்கு ஏற்ற ரேடியேட்டரின் அளவு: ஓர் ஆய்வு

குளிர்நாட்டு வீடுகளில் அறைக்கு அறை சுவரோரம் ஒரு ரேடியேட்டர் இருக்கும். கொதிகலனிலிருந்து வெந்நீர் வந்து அந்த இரும்புப் பலகைக்குள் ஓட, அறை சூடேறும். எத்தனை வாட் பலகை வாங்குவது என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுவர், சன்னல், கூரை வழியே எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறதோ, அதை உள்வெப்பத்துக்கும் வெளிவெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். இக்கணக்கைச் சிவகாசி, சாத்தூர், விருதுநகருக்குப் போட்டுப் பார்க்க அறிஞர் எவரும் முன்வராத குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

உள்ளே 21 டிகிரி வேண்டும் என்பது ஐரோப்பியர் வழக்கம். நம்மூரில் தை மாத விடியலில், பால்காரர் காதில் மப்ளர் சுற்றி வரும் வேளையில், வெளியே ஏறக்குறைய 20 டிகிரி. வித்தியாசம் ஒன்றே ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெளியிடுகிறது. அந்த ஒரு டிகிரி இழப்பை ஈடுகட்ட ஏறக்குறைய அதுவே போதும். ஆக, அறைக்குத் தேவைப்படும் ரேடியேட்டரின் அளவு: மாமனார் ஒருவர்.

ஆய்வு இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் சித்திரை மாதக் கள ஆய்வில், இங்கே ரேடியேட்டர் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருப்பது தெரியவந்தது. சுவரோரம் தேடியவர்களுக்கு அது அகப்படாது; தலைக்கு மேல் இருக்கிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் தாழ்த்தி அடிப்பக்கமாக இறக்குகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தளத்தின் அடிப்பக்கம் ஆறு டிகிரி கூடுதலாக இருந்தாலே சுமார் 400 வாட் கீழே இறங்கும். கொதிகலன் வேண்டாம், கரண்ட் பில் இல்லை. அணைக்கத்தான் குமிழ் வைக்கவில்லை. இரவு கட்டிலில் மல்லாந்து உள்ளங்கையை மேலே காட்டினால் அனல் உறைக்கும். ஃபேனைப் போட்டால், தளத்தை ஒட்டி நிற்கும் சூட்டையும் சேர்த்து இறக்கும்.

பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்றார் தொல்காப்பியர். அவர் கான்கிரீட் வீட்டில் குடியிருந்தவர் அல்லர். இவ்வட்டாரத்துக்கு மட்டும் அதை முன்னிரவு எனத் திருத்திக்கொள்ளலாம்.

வெயிலைப் பழிக்கவும் நமக்கு வாயில்லை. காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் 1920களில் இங்கே வேர்பிடித்தது. பின்னாலேயே பட்டாசும் வந்தது. மருந்தைக் காயவைக்கும் அதே வறண்ட காற்று ஏர்கூலருக்கும் தோதானது. மணிக்கு ஐந்து லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும் கூலர், ஏறக்குறைய ஒரு டன் ஏசி இழுக்கும் வெப்பத்தை இழுத்துவிடும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். சாத்திவிட்டுப் போட்டால் புழுங்கிச் சாக வேண்டியதுதான். ஆனால் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று தெரியாத தெருவில், கூலருக்கு ஐந்து லிட்டர் கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஏசிக் கடையில் முதல் கேள்வியே, “மேல் வீடா, கீழ் வீடா அண்ணாச்சி?” என்பதுதான். அதே அறைக்குக் கீழ் வீடென்றால் ஒரு டன், மேல் வீடென்றால் ஒன்றரை. கூடுதல் அரை டன் தலைமேல் உள்ள ரேடியேட்டருக்குச் செலுத்தும் கப்பம். குளிர்நாட்டார் ரேடியேட்டரைப் பெரிதாக்க வழி தேடட்டும். நாம் சிறிதாக்க வேண்டும். சித்திரை பிறக்குமுன் மொட்டைமாடியைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். எத்தனை டன் என்பதைப் பிறகு கேட்கலாம்.